கோட்டைக்குள் ஒரு பங்கர்

ஆசிரியை கொடுத்த பட்டியலில் பங்கர், அதாவது பதுங்குகுழி, இல்லை. அகழி, தூக்குப்பாலம், மூலைக்கொரு கோபுரம், தேவாலயம், கிணறு, மதில்மேல் வீரர்கள்: அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்பில் ஐரோப்பாவின் இடைக்காலம் படித்துக்கொண்டிருந்தோம். ஆளுக்கொரு கோட்டை செய்ய வேண்டும். மிகச் சிறந்தது நூலகத்தின் கண்ணாடி அலுமாரிக்குள் போகும். அது என்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஏங்கினேன்.

அந்தக் குளிர்காலத்தில்தான் அம்மாவின் தம்பி திருகோணமலைப் பக்கமிருந்து சண்டைக்குத் தப்பித் தனியாக வந்து, பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் எங்கள் இரண்டறை வீட்டில் தங்கியிருந்தார். அப்பா வேலை செய்த புவாண்ட்-கிளேர் கிடங்கிலிருந்து மட்டைப்பெட்டிகளும் ரெஜிஃபோம் என்கிற தடித்த தெர்மக்கோல் பலகையும் வந்தன. மாமா வெட்டினார், நான் ஒட்டினேன்.

"எங்கட ஊரிலயும் போர்த்துக்கேயன் கட்டின கோட்டை ஒண்டிருக்கு" என்றார்.

பட்டியலில் இருந்ததெல்லாம் முடிந்த பின்னும் அவர் எழும்பவில்லை.

"சனம் எங்க ஒளிக்கும்?"

"மதில் இருக்குத்தானே மாமா."

"மதில் முன்னால வாறவனுக்கு. மேலால வந்தா?"

"அந்தக் காலத்தில பிளேன் இல்லை."

"கல்லெறியிற மிசின் இருந்ததெண்டு நீதானே சொன்னனீ. கல்லு மேலாலதானே வரும்?"

மறுநாள் பள்ளியிலிருந்து வந்து பார்த்தால், கோட்டை முற்றத்தின் நடுவில் 'ட' வடிவில் ஒரு குழி. மேலே ஐஸ்கிரீம் குச்சிகள் அடுக்கி, அவற்றின்மேல் ரவை நிரப்பித் தைத்த குட்டி மூட்டைகள். உள்ளே மட்டையில் வெட்டிய ஒரு பெண்ணும் மூன்று பிள்ளைகளும். சட்டைக்கெல்லாம் வர்ணம் தீட்டியிருந்தார். வழி ஏன் வளைந்திருக்கிறது என்று கேட்டேன். "சன்னம் வளைஞ்சு வராது" என்றார். கல்லெறியும் காலத்தில் துப்பாக்கிச் சன்னம் ஏது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

கண்காட்சிக்கு அப்பாவும் அம்மாவும் வேலை காரணமாக வர முடியவில்லை. மாமா வந்தார், விரல்களை மறைக்கும் அப்பாவின் பெரிய ஜாக்கெட்டோடு.

"இது நாய்க்கூடா?" என்று குழியைக் காட்டிப் பிரெஞ்சில் கேட்டான் ஒருவன். "இல்லை, கக்கூஸ்" என்றாள் என் சிநேகிதி. எல்லோரும் சிரித்தார்கள். விளங்காமல் மாமாவும் சிரித்தார். அவர் சிரித்ததுதான் எனக்கு அதிகம் கூசியது. கொஞ்சம் தள்ளிப் போய் நின்றேன்.

ஆசிரியை குனிந்து பார்த்தார். அருமையான கோட்டை, அந்தக் காலத்தில் இல்லாத இந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டால் அலுமாரிக்கு இதுதான் என்று மென்மையாகச் சொன்னார்.

"என்னவாம் பிள்ளை?" என்றார் மாமா.

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "இது அந்தக் காலத்தில இல்லையாம். எடுக்கட்டாம்."

"ஓம், ஓம். பிழை என்ரதான்."

நன்றி சொல்லத் தனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சுச் சொல்லான 'மெர்சி'யை ஆசிரியையிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். குச்சிகளைக் கழற்றினார். விரலை விட்டு ஆட்களை ஒவ்வொருவராக வெளியே எடுத்தார். ரவை மூட்டைகளையே குழிக்குள் அடைத்து, மேலே பச்சைத் தாளை இழுத்து ஒட்டினார்.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. பிறகு கோபம். அந்த நால்வரையும் அவர் தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டியிருந்தார்.

"கிணத்தடியில வையுங்கோ மாமா. இடம் இருக்குத்தானே."

"அது வெட்டவெளியெல்லோ" என்றார். "இவை என்னோட வரட்டும்."

பனி கரையும்வரை கோட்டை அலுமாரிக்குள் இருந்தது, மதில்மேல் வீரர்கள் மட்டும் நிற்க. நன்றாக வர்ணம் தீட்டிய ஆட்களை மாமா வீணாக்கிவிட்டார் என்று, அன்று வீடு வந்து சேரும்வரை முறைப்பாடு சொல்லிக்கொண்டே நடந்தேன். அவர் ஒரு கையால் சட்டைப் பையைப் பொத்திப் பிடித்தபடி வந்தார்.