சுக்கானுக்குக் கேப்டன் தொப்பி

ஆற்று முகத்துவாரத்தில் கரைக்குக் கரை ஆட்களை ஏற்றிச் செல்லும் பெரிய படகில் சுக்கான் பிடிப்பவன் என்பதால், வட்டாரத்தில் அவனுக்குப் பெயரே சுக்கான்தான். தையல் கடை வைத்து அவனை ஆளாக்கிய அக்கா மட்டும் தம்பி என்பாள். நகரசபைத் தேர்தலில் அவன் நின்றபோது முதல் சுவரொட்டியைத் தன் கடைக் கண்ணாடியில்தான் ஒட்டினாள், ஒரு சுருக்கம் விழாமல், நாலு மூலையும் அளந்து.

அதில் தம்பி கேப்டன் தொப்பியோடு நின்றான். ‘நம் வார்டு எனும் கப்பலுக்கு இவரே கேப்டன்’ என்று ஆதரவாளர்கள் அச்சடித்திருந்தார்கள். படகில் கேப்டன் வேறு ஆள், அவர் பார்த்தால் மானம் போய்விடும், தொப்பியை மட்டுமாவது கிழித்துவிடலாம் என்றான் தம்பி.

"தொப்பியக் கிழிச்சா தலையும் சேந்து வரும். தலையில்லாத ஆளுக்கு எவன்டா ஓட்டுப் போடுவான்?" என்றாள் அக்கா.

கடைசிக் கூட்டம் பொது மண்டபத்தில் நடந்தது. எதிர்த்து நின்ற வக்கீல் முதலில் பேசினார். எந்தப் புயலிலும் கப்பலைக் கரைசேர்ப்பேன், பயணிகள் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம் என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தம்பிக்கு மேடைப் பேச்சு வராது. இன்று சொதப்பினால் தேர்தல் அவ்வளவுதான்.

அவன் மைக்கைப் பிடித்ததும் காய்கறிக்காரம்மா எழுந்து, பஸ் நிறுத்தத்தை மறுபடியும் படகுத்துறைக்கே கொண்டுவர வேண்டும் என்றாள். தம்பி விறைப்பாக நின்று, "பஸ் நிறுத்தம் மறுபடியும் படகுத்துறைக்கு" என்றான் உரக்க. மண்டபம் சிரித்தது. இது கிளிப்பிள்ளை என்றார் ஒருவர்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். கேப்டன் சொன்னதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்ன பிறகே படகில் சுக்கானைத் திருப்ப வேண்டும். ஒரு சொல் பிசகினாலும் கேப்டன் அங்கேயே திருத்துவார். வருஷக்கணக்கான அந்தப் பழக்கம் மேடையிலும் நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது.

தம்பியும் அதைத்தான் விளக்கினான். பிறகு, "நான் கேப்டன் இல்லைங்க. இங்க சொல்றது நீங்க, திருப்புறதுதான் நான். சரியாக் கேட்டேனான்னு பாத்துக்கங்க" என்றான்.

உடனே டீக்கடைக்காரர், நிறுத்தம் பள்ளிக்கூடத்துப் பக்கம்தான் வேண்டும் என்றார். அதையும் திருப்பிச் சொன்னான். "உன் கடை வாசல்ல பஸ் நிக்கணும், அதுக்குத்தானே இந்தப் பாடு?" என்று காய்கறிக்காரம்மா திரும்பி ஒரு பிடி பிடித்தாள். ஆளுக்கொரு திசை சொல்ல, மண்டபம் சந்தையாயிற்று. தொலைந்தது என்று அக்கா நினைத்தாள்.

"ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் திருப்ப முடியாதுங்க," என்றான் அவன் கடைசியில். "பேசி ஒண்ணாச் சொல்லுங்க. நான் நிக்கிறேன்."

நின்றான். பொறுமையற்ற சிலர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வாதாடினார்கள். பள்ளிக்கூடம் விடும்போது அங்கே, மற்ற நேரம் படகுத்துறை என்று ஒருவழியாக முடிவானது. தம்பி திருப்பிச் சொன்னான். பள்ளிக்கூடம் தொடங்கும்போதும் அங்கேதான் என்று டீக்கடைக்காரர் திருத்தினார். திருத்தியதையும் சொன்னான். இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

நூலிழையில் ஜெயித்தான். இப்போது வார்டுக் கூட்டங்கள் லேசில் முடிவதில்லை. வீட்டில் போட்டது போட்டபடி கிடக்கிறது என்று எல்லாரும் அக்காவிடம் வந்து முணுமுணுக்கிறார்கள். ஆனால் ஒருவரும் வராமல் இருப்பதில்லை. தான் இல்லாத நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் எதையாவது சொல்லிவிட்டால், தம்பி அதையே திருப்பிச் சொல்லிச் சுக்கானையும் திருப்பிவிடுவானே.