புஸ்வாணம் ஏறாத விமானம்

14 ஜூன் 2006, புதன். வழக்கம்போல் நாலரைக்கு எழுந்து, குளித்து, முந்தைய நாள் அச்சான புஸ்வாண லேபிள்களை எண்ணி வைத்தேன். சிவகாசியில் ஓர் அச்சகத்தின் மேலாளர் நான். சென்னை சௌகார்பேட்டை பட்டாசு மொத்த வியாபாரி லேபிளை நேரில் பார்த்துக் கையெழுத்திட்டால்தான் தீபாவளி ஆர்டர் எங்களுக்கு. இல்லையேல் வேறு அச்சகத்துக்கு. மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் பம்பாய் கிளம்புகிறார்.

காலை 6.15: வாடகைக் கார். ஆமத்தூர், விருதுநகர் வழியே மதுரை விமான நிலையம் 70 கி.மீ. அங்கிருந்து சென்னை, அட்லஸில் அளந்தபடி, வான்வழி சுமார் 420 கி.மீ.; ஒன்றேகால் மணி நேரம். டிக்கெட் ரூ. 2,750. பேருந்தென்றால் பதினோரு மணி நேரம்.

"அம்புட்டு சீக்கிரமாப் போயி என்ன செய்யப் போறீக அண்ணாச்சி? கடையே தொறந்திருக்க மாட்டாக," என்றார் ஓட்டுநர் செல்லப்பாண்டி.

8.00: பையைத் திறக்கச் சொன்னார் காவலர். உள்ளே லேபிள் ஒட்டிய பன்னிரண்டு டம்மி புஸ்வாணங்கள்.

"மருந்து கிடையாது சார். வெறும் மரத்தூள். எங்க ஊர்ல கடைக்குக் கடை தொங்கும்."

ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். மரத்தூள்தான். "பொம்மைத் துப்பாக்கியையே விட மாட்டோம். இதை எப்படி விடுறது?"

வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த செல்லப்பாண்டியை அழைத்துப் பையைக் கொடுத்தேன். "மேகத்துல கொளுத்தவா கொண்டு போனீக?" என்று சிரித்தார். தனித்தாளாக இருந்த லேபிள்கள் மட்டும் என்னுடன் வந்தன.

9.40 புறப்பாடு, 10.55 சென்னை. சௌகார்பேட்டை சேர 12.20.

இரு ஓரத்திலும் பாதிப் பாதிப் பூ அச்சான லேபிள் தாளை வியாபாரி மேசையில் தள்ளிவைத்தார். "பேப்பர்ல எல்லாமே அழகாத்தான் இருக்கும் சார். கூம்புல சுத்தினா இந்தப் பூவோட ரெண்டு பாதியும் ஒண்ணு சேருமா? அதைக் காட்டுங்க. காலைல ஏழரை வரைக்கும் வீட்லதான் இருப்பேன்."

செல்லப்பாண்டிக்குத் தொலைபேசினேன். அன்றிரவுப் பேருந்தில் பையை ஏற்றிவிடுவதாகச் சொன்னார்.

மாலை விடுதியில் கணக்கிட்டேன். வீட்டிலிருந்து கடை வரை 6 மணி 5 நிமிடம். அதில் வானில் 1 மணி 15 நிமிடம். விமானம் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று நாலு பேரிடம் விசாரித்தவன், எதை ஏற்றாது என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்த்தே எங்கள் ஊரில் பயப்படுவோம். மற்றவர்கள் வெளியே தெரிவதை வைத்துத்தானே பயப்பட முடியும்? காவலர் மீது எனக்குக் கோபமில்லை.

மறுநாள் முதல் வேலையாகக் காலை 5.30க்குக் கோயம்பேட்டில் நின்றேன். பேருந்து 6.10க்கு வந்தது.

"டம்மிதானேன்னு தலைமாட்டுலயே வச்சுக்கிட்டேன். நசுங்கல, பாத்துக்கோங்க," என்று பையை நீட்டினார் பேருந்து ஓட்டுநர்.

ஏழு மணிக்கு வியாபாரி தம் வீட்டு வாசலிலேயே ஒரு புஸ்வாணத்தை வாங்கி மெல்லத் திருப்பினார். இதழ்கள் சேருமிடத்தில் கட்டைவிரலை வைத்துத் தடவிப் பார்த்தார்.

"பேனா இருக்கா?" என்றார்.