கஸ்தூரியின் புடவைத் துண்டு

கஸ்தூரி இறந்த செய்தியை அவர் கணவர் முருகன்தான் போனில் சொன்னார். "சார், கஸ்தூரி காலைல போய்ட்டா சார். ஹார்ட்டுன்றாங்க." அப்போது என் கையில் குறடு இருந்தது. அதன் வாயில் பாதி வளைத்த கம்பி. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் வெகுநேரம் நின்றேன்.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் அவர் கடையை அறிந்தவர்கள் பௌர்ணமிதோறும் அங்கே பாசிமணி மாலையோ கைச்சங்கிலியோ வாங்கியிருப்பார்கள். மற்ற நாட்களில் அந்தக் கடை மேஜையில் நடந்த வேலை பலருக்குத் தெரியாது. ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் எந்த இடத்தில் கண்ணி மாற்றுவது என்று மறக்காமலிருக்க, ஊசியில் மணி வைத்த சிறு வளையத்தை மாட்டிக்கொள்வார்கள். ஸ்டிட்ச் மார்க்கர் என்று பெயர். பெங்களூர் நூல் கடை ஒன்றுக்குக் கஸ்தூரி அவற்றைச் செய்து அனுப்பிவந்தார். மருமகளின் அறுந்த மாலையைக் கோக்கக் கொடுக்கப் போன நான், மணிகளை அளவுவாரியாகப் பிரித்துத் தரட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "உக்காருங்க சார், அதுக்குத்தான் ஆள் இல்ல" என்றார். ஆறு வருடம் உட்கார்ந்தேன்.

நான் ஓய்வுபெற்ற நில அளவையாளன். முதல் வளையங்களை ஊசியின் கனத்தை அளந்து, மயிரிழை பிசகாமல் அதே அளவில் செய்தேன். ஒன்றுகூட ஊசியில் நகரவில்லை. கஸ்தூரி சிரித்த சிரிப்பில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "ஒடம்ப அளந்து அதே அளவுக்குச் சட்ட தச்சா கைய எப்டி சார் தூக்குறது? கொஞ்சம் லூசு விடுங்க." பின்னத் தெரியாமல் இந்த வேலையைச் செய்யக் கூடாது என்று, போனில் பார்த்தே ஒரு குல்லாய் பின்னி முடித்தவர் அவர். அது யார் தலைக்கும் பொருந்தவில்லை என்பதையும் அவரே சொல்வார்.

செய்து முடித்த ஒவ்வொரு வளையத்தையும் பழைய நைலெக்ஸ் புடவைத் துண்டொன்றின் மீது இழுத்துப் பார்ப்பார். இழை சிக்கினால் கம்பிமுனை சரியாக மூடவில்லை. கம்பளியையும் அது இழுத்துவிடும். ஒருநாள் நான் செய்த முப்பதில் ஒன்று சிக்கியது. மற்றவற்றின் மீதும் எனக்கு நம்பிக்கை போயிற்று. கஸ்தூரி சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் முப்பதையும் பிரித்துவிட்டேன். பார்சல் மறுநாள் போயாக வேண்டும்.

"ஒண்ணு சரியில்லன்னா அத மட்டும் பிரிங்க சார். மத்ததுங்க உங்கள என்னா பண்ணிச்சு?"

அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று மட்டும்தான். அதற்குப் பிறகு என் வேலை எதையும் நானே சரி என்று சொன்னதில்லை. அவர் பார்த்தால்தான் போகும்.

காரியம் முடிந்ததும் முருகன் ஒரு டப்பாவோடு வந்தார். "பாதியில நிக்குது சார். அவ ஒத்துக்கிட்ட வேல. நீங்கதான் முடிக்கணும்."

"சரியா இருக்கான்னு பாக்க ஆள் வேணுமேப்பா."

"நீங்க இருக்கீங்களே சார்."

ஒன்பது நாளில் முடித்தேன். பத்தாம் நாள், டப்பாவிலிருந்த புடவைத் துண்டை மேஜையில் விரித்து ஒவ்வொன்றாக இழுத்தேன். நாற்பத்தேழாவது சிக்கியது. கை தானாகக் குறட்டை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே தேறிய வளையங்களின் பக்கம் போயிற்று. அங்கேயே நிறுத்தினேன். சிக்கியதை மட்டும் பிரித்தேன், திரும்பச் செய்து இழுத்தேன், வழுக்கிக்கொண்டு போயிற்று. மற்றவற்றைத் தொடாமல் பார்சல் கட்டினேன்.

இந்த மாதமும் வேண்டும் என்று பெங்களூரிலிருந்து கேட்டார்கள். யாரையும் கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். புடவைத் துண்டு இப்போது என்னிடம் இருக்கிறது. நாற்பத்தேழாவது வளையம் இழுத்த இழை அதில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. நான் அதை வெட்டவில்லை.