வெள்ளை மாத்திரையும் என் வாயும்

குலசேகரம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் பார்மசிஸ்டாக இருந்தேன். ஸ்டீராய்டு விஷயத்தில் நம் ஆட்களின் அறிவு தனி ரகம். பெயர் தெரிந்தால் அலறுவார்கள். பெயர் தெரியாவிட்டால் பொட்டலம் பொட்டலமாக விழுங்குவார்கள்.

2009 வாக்கில் ஒரு காலை, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் தாசையனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள் அவன் மனைவி ரோஸ்லெட். சளி பிடித்துத் தேறிய கையோடு, வெட்டப் போன இடத்தில் தலை சுற்றி விழுந்திருக்கிறான். ஓயாத வாந்தி. வயிற்றில் கேஸ் என்று சொல்லி இரண்டு நாள் சோடா கொடுத்திருக்கிறார்கள். சோடா!

காதுக்குள்ளிருந்து மூளைக்குப் போகிற பேலன்ஸ் நரம்பில் வீக்கம் என்றார் இ.என்.டி. டாக்டரம்மா. தலைசுற்றலுக்கு ஒரு மாத்திரையும் வீக்கத்துக்குப் பிரட்னிசோலோனும் எழுதினார். "இப்பமே வீக்கத்த அடக்குனா நரம்பு பிழைக்கலாம். உறுதி சொல்ல முடியாது. ஆனா பிந்தினா பிரயோஜனமில்ல."

சீட்டு என் கவுண்டருக்கு வந்தது.

"சாரே, இது ஸ்டீராய்டா?"

"ஆமா."

"அய்யோ, வேண்டாம். மொகம் வீங்கும், எலும்பு உருகும். கல்ஃபுல இருக்க எனக்க அண்ணன் போன்ல சொன்னாரு."

சொல்லிக்கொண்டே பர்ஸைத் திறந்தாள். உள்ளே ஒரு தாள் பொட்டலம். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் மடித்துக் கொடுக்கிற செட்டு மாத்திரை. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே குட்டியாக ஒரு வெள்ளை. டெக்சா. அதுவும் ஸ்டீராய்டுதான். எத்தனை நாளாக என்று கேட்டேன். நாலு மாசமாம், தினமும்.

வரிசையில் ஏகப்பட்ட கூட்டம். கேட்க ஆள் இருந்தால் என் நாக்கு சும்மா கிடக்காது.

"நாலு மாசமா நீ தின்னுகிட்டு இருக்கது பின்ன என்னவாம்? மாப்பிளைக்கு மட்டும் வேண்டாமாக்கும்! மூளைய வீட்டுல வச்சிட்டா வந்த?"

வரிசையே சிரித்தது. அவள் முகம் கறுத்துவிட்டது.

"தலைசுத்துக்கு உள்ளத மட்டும் தாங்க சாரே. நாங்க போறோம்."

கொடுத்தேன். விவரங்கெட்ட ஜென்மங்கள் என்று முணுமுணுத்துவிட்டு அடுத்த சீட்டை வாங்கினேன். டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து தாசையன் தனியாக வந்தான். சுற்றல் நின்றிருந்தது. பகலில் கண்ணால் பார்த்து நன்றாகத்தான் நடந்தான், இருட்டினால் நிலை தவறியது. ஆனால் ரப்பர் வெட்டு விடியுமுன் நடக்கிற வேலை. தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு சரிவில் மரத்துக்கு மரம் ஓட வேண்டும்.

"ஒரு மரத்தப் புடிச்சிட்டு நிக்கேன் சாரே. அடுத்த மரத்துக்குக் காலு போவமாட்டேங்கு. இப்பம் ரப்பர் ஷீட் அடிக்க மிஷின்ல நிக்கேன்."

"அந்த மாத்திரைய வெளியிலயாவது வாங்கினியா?"

"இல்ல சாரே. எல்லாரும் சிரிச்சாவல்லா, அவளுக்கு நாணமாயிப் போச்சு."

சிரிக்க வைத்தது யார் என்று அவன் சொல்லவில்லை. எனக்குத் தலை நிமிரவில்லை. ரோஸ்லெட்டைக் கூட்டி வரச் சொன்னேன். அவளுடைய பொட்டலத்தைத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து என்று, கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்து விட வைத்தார் டாக்டரம்மா. அது ஒன்றுதான் நான் உருப்படியாகச் செய்தது.

சாப்பிட்டிருந்தால் தேறியிருப்பானா? தெரியாது. சாப்பிட விடாமல் செய்தவன் நான், அது தெரியும். சோடா கொடுத்தவர்களைவிட விவரங்கெட்டவன் அன்று வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு கவுண்டருக்குப் பின்னால்தான் நின்றான்.

கவுண்டரில் நிற்கப்போகிற பிள்ளைகளே, சிரிப்பு வந்தால் ஸ்டோர் ரூமுக்குள் போய்ச் சிரித்துவிட்டு வாருங்கள். முதலில் மருந்து அவர்கள் கைக்குப் போகட்டும்.