கேட்டில் மறந்துபோன தம்பி

இன்று காலை எஸ்டேட் கேட்டில், சோதனை செய்யும் அக்காவின் தோளில் ஒரு மஞ்சள் சட்டை தெரிந்தது.

எங்கள் வீட்டு ஐந்தாவது பிள்ளை, என் தம்பி. நல்ல தூக்கம்.

காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்கு அரிசி போகிறதா என்று கூடையைப் பார்க்கும்போது அம்மா தம்பியை அக்காவிடம் கொடுத்தார். திரும்ப வாங்க மறந்து, சிம்பாங் அம்பாட் டவுனுக்குப் போகும் லாரியில் ஏறிவிட்டார்.

மூத்தவளான என்னை அம்மா மூன்று மாதம் வரை அத்தைகளிடம்கூடக் கொடுக்கவில்லையாம்.

"அரிசின்னா பறிச்சு வைப்பேன், புள்ளைய எங்கம்மா வைக்க?" என்று அக்கா கத்தினார். லாரியே சிரித்தது.

"பெரியவகிட்ட குடுங்கலா! வீட்டுல வெச்சுப் பாத்துக்குவா!" என்றார் அம்மா.

டவுனுக்கு என்னையும் கூட்டிப்போவதாகச் சொன்னதுகூட அம்மாவுக்கு மறந்துவிட்டது. பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதிலிருந்து நான் எஸ்டேட் வேலியைத் தாண்டியதே இல்லை.

லாரி உறுமியது.

தம்பியை வாங்கிக்கொண்டு லாரிக்கு முன்னால் போய் நின்றேன்.