சுடர் என்ற பெயர் உள்ளவை

வீட்டில் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். மூத்தவள் என்று அந்த வீட்டில் யாரும் இல்லை. சிறுவயதில் அது அவளுக்கு விநோதமாகப் படவில்லை. எல்லார் வீட்டிலும் இப்படித்தான் போல என்று இருந்துவிட்டாள்.

எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் வினை வந்தது. பள்ளிக்கூடத்தில் அவரவர் பெயரைத்தான் முதலில் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தவள் கண்ணில் பட்டதையெல்லாம் படித்துப் பார்த்தாள். அலமாரிக்கு மேலே சுவரில் ஒரு படம் இருந்தது. கவுன் போட்ட ஒரு குழந்தை நாற்காலிக் கையைப் பிடித்தபடி நிற்கும். ஸ்டூலில் ஏறி, படத்துக்கு அடியில் இருந்ததைக் கூட்டினாள். சு, ட, ர்.

“அம்மா, இதுல என் பேரு போட்டிருக்கு. ஆனா இது நான் இல்லையே.”

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். “அது நீ இல்ல. அது சுடர்.”

“அப்ப நான்?”

“நீயும்தான்,” என்றாள் அம்மா. மடித்து வைத்த சட்டையை எடுத்து உதறி, மறுபடியும் முதலிலிருந்து மடித்தாள்.

மீதிக் கதையை அத்தைதான் ஒருநாள் சொன்னாள். மூத்தவளுக்கு நாலு வயது. வாசலில் விளையாடிக்கொண்டிருந்தபோது ரிவர்ஸ் எடுத்த பால் வேனில் அடிபட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு பிறந்தவள் சின்னவள். அப்பாவுக்கு அந்தப் பெயரைக் கைவிட மனசில்லை. அம்மாவுக்கு அதை வாயால் சொல்லத் தெம்பில்லை. அதனால்தான் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். ஆனால் தூக்கத்தில் அம்மா சில சமயம் “சுடர்” என்று கூப்பிடுவாள். பக்கத்தில் படுத்திருக்கும் சின்னவள் “என்னம்மா” என்று எழுந்து உட்காருவாள். கூப்பிட்டது தன்னை இல்லை என்று தெரிந்த பிறகும் பதில் சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை.

படிப்பு முடிந்ததும் மின்சார அலுவலகத்தில் ரீடிங் எடுக்கும் வேலை கிடைத்தது. தெருத்தெருவாகப் போய், மாடிப்படிக்கு அடியில் குனிந்து, நாய்க்குப் பயந்து, மீட்டரைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வர வேண்டும். தெருக்காரர்களுக்கு அவள் கரண்ட்டக்கா. அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது. அதை வேறு யாரும் அவளுக்கு முன்னால் போட்டுக் கழற்றவில்லை.

ஒருநாள் வெல்டிங் பட்டறை ஒன்றில் ரீடிங் எடுத்துவிட்டு நிமிர்ந்தாள். தலைக்கு மேலே பலகையில் ‘சுடர்’ என்று இருந்தது. என்னவோ தோன்ற, அதையும் ஒரு படம் எடுத்தாள்.

“யாரு பேருங்க? வீட்டம்மா பேரா?”

“ஏங்க, அவ பேர வெச்சா கடைக்கு வந்து கல்லால உக்காந்துக்குவா,” என்றார் பட்டறைக்காரர். “வெல்டு வெக்கறப்ப வருதே, அந்தச் சுடருதான்.”

அங்கேதான் தொடங்கியது. அதன் பிறகு அந்தப் பெயர் அவளுக்காகவே காத்திருந்த மாதிரி திரும்பின பக்கமெல்லாம் தென்பட்டது. ஒரு மினிபஸ்ஸின் நெற்றியில் இருந்தது. ஆற்றில் ஆள் ஏற்றும் படகு ஒன்றில், பாதி எழுத்து உதிர்ந்துபோய் இருந்தது. தையல் கடை, டியூஷன் சென்டர், பழைய இரும்புக் கடையில் குப்புறக் கிடந்த மண்ணெண்ணெய் அடுப்பு என்று எதையும் அவள் விடவில்லை. படம் எடுப்பாள், யார் பெயர் என்று கேட்பாள். மகள் பெயர் என்பார்கள், பேத்தி பெயர் என்பார்கள். நான் கடையை வாங்கும்போதே பலகை இருந்தது, மாத்தச் சோம்பல் என்று ஒருவர் சொன்னார். ஆள் இல்லாமல் பூட்டியே கிடக்கும் வீடு ஒன்று, கேட்டில் ‘சுடர் இல்லம்’. அங்கே மட்டும் கேட்க ஆள் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை போகும்போதும் மீட்டர் கொஞ்சம் நகர்ந்திருக்கும். உள்ளே ஏதோ ஒரு விளக்கை அணைக்க மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அவ்வளவுதான். இருந்தாலும் அந்த வாசலில் அவள் அதிக நேரம் நின்றதில்லை.

“உன் பேரு மேல உனக்கே இவ்ளோ ஆசையா?” என்று கேலி செய்வான் கணவன். அச்சகத்தில் வேலை பார்ப்பவன், நல்லவன், எதையும் சிரித்தே கடந்துவிடுகிறவன்.

“என் பேரா இருந்தா ஏன் எடுக்கறேன்?” என்றாள் ஒருமுறை. அவன் அதற்கப்புறம் கேலி செய்யவில்லை.

இத்தனை இடத்தில் இருக்கும் பெயர் ஒருத்திக்கு மட்டும் சொந்தமாக இருக்க முடியாது, நாலு பேரிடம் பிரித்துக் கொடுத்தால் பாரம் குறையும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். நடந்தது வேறு. போனில் படங்களைத் தள்ளிப் பார்க்கும்போது, அக்கா பிழைத்திருந்து செய்ததெல்லாம் வரிசையாகத் தெரிவது போல இருந்தது. அக்கா பஸ் விட்டாள், தையல் கற்றாள், பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னாள், ஒரு வீட்டைக் கட்டிப் பூட்டிவிட்டு எங்கேயோ போய்விட்டாள்.

அந்தக் கோடையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் ரீடிங் எடுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு தண்ணீர் லாரி நின்றிருந்தது. முகப்பில் பெயர் எதுவும் இல்லை. மீட்டர் அறைக்குப் போக லாரிக்குப் பின்னால் வந்தபோதுதான், பம்பருக்கு மேலே, வெள்ளை எழுத்தில், சின்னப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் ‘சுடர்’ என்று இருப்பதைப் பார்த்தாள். குனிந்து படம் எடுத்தாள். அவள் பார்த்த வண்டிகள் எல்லாவற்றிலும் பெயர் முன்னால்தான் இருக்கும்.

டிரைவர் இறங்கி வந்தார். நரைத்த தலை, நிதான நடை. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தவர் பின்பக்கம் குனிந்து டயருக்கு இடையில் பார்த்தார். அப்புறம்தான் அவளைப் பார்த்தார்.

“தள்ளி நில்லும்மா, ரிவர்ஸ் எடுக்கணும்.”

“பேரு யாருதுங்க ஐயா?”

“ஒரு குழந்தை பேரு.”

“உங்க பொண்ணா?”

“எனக்குப் பிள்ளைங்க இல்லம்மா.”

“பின்னாடி மட்டும் எழுதியிருக்கீங்களே?”

“அப்பத்தானே எறங்கி வந்து பாப்பேன்,” என்றார். அவள் நகரவில்லை. யாரும் இதுவரை கேட்காததாலோ என்னவோ, அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். “வயசுல பால் வேன் ஓட்டிட்டிருந்தேன். ஒரு சந்துல ரிவர்ஸ் எடுத்தேன். கண்ணாடியில எதுவும் தெரியல. தெரியலன்னு நானும் எடுத்துட்டேன். ஜெயிலுக்குப் போனேன், வந்தேன், அதெல்லாம் முடிஞ்சு போச்சு.”

“பேரு எப்படித் தெரியும்?”

“அந்தம்மா கூப்பிட்டாங்கம்மா. மொதல்ல சாதாரணமாத்தான் கூப்பிட்டாங்க, சாப்பிட வான்னு சொல்ற மாதிரி. உள்ளேருந்து. அப்புறம் வெளிய வந்து கூப்பிட்டாங்க.” துண்டை மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார். “நீலக் கேட்டு வெச்ச வீடு.”

அந்த நீலக் கேட்டின் மேல் ஏறி ஆடியதற்குச் சின்னவள் எத்தனையோ தடவை அடி வாங்கியிருக்கிறாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பி அவர் பக்கம் காட்டினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பின்னால் யோசித்துப் பார்த்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

அவர் பெயரைப் படித்தார். “உங்க பேரும் அதுதானா,” என்றார், சும்மா ஒரு ஒற்றுமை என்பது போல.

“எங்க அக்கா பேரு. அது போன பிறகு எனக்கு வெச்சாங்க. அந்த நீலக் கேட்டு எங்க வீட்டுது.”

அவர் லாரியின் பின்பக்கத்தில் கையை ஊன்றிக்கொண்டார். மேலே யாரோ ஜன்னலைத் திறந்து, தண்ணி ஏத்தியாச்சா என்று கேட்டார்கள்.

“அம்மா இருக்காங்களா?” என்று கேட்டார் கடைசியில்.

“இருக்காங்க. எங்ககூடத்தான்.”

“நான் வர மாட்டேம்மா, பயப்படாதீங்க. வந்து மன்னிப்பு கேக்கற அளவுக்கு எனக்கு யோக்கியதை இல்ல. அவங்ககிட்ட ஒண்ணு மட்டும் கேளுங்க. அவங்களைக் கேக்காமதான் இந்தப் பேர எழுதிட்டேன். அழிக்கச் சொன்னா இன்னிக்கே அழிச்சிடறேன்.”

அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் காபி போட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். லாரிப் படத்தைக் காட்டினாள். அம்மா போனை வாங்கிக் கண்ணுக்கு வெகு அருகில் வைத்துப் பார்த்தாள். கை தவறிப் பட்டதோ என்னவோ, படம் நகர்ந்து தையல் கடை வந்தது. அப்புறம் படகு, மினிபஸ். அம்மா ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். இதெல்லாம் என்ன என்று கேட்கவில்லை. ஏற்கனவே தெரிந்தவர்களைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். வெல்டிங் பட்டறை வரைக்கும் போய்விட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“அந்தாளு எப்படி இருக்கான்?”

“வயசாயிடுச்சும்மா.”

“அப்ப சின்னப் பையன். தரையில உக்காந்து வாந்தி எடுத்தான்.” காபி ஆறி ஆடை படர்ந்திருந்தது. அம்மா அதை விரலால் ஒதுக்கினாள். “அழிக்க வேண்டாம்னு சொல்லு.”

“சரிம்மா.”

“மன்னிச்சிட்டேன்னு சொல்லிடாத. அழிக்க வேண்டாம்னு மட்டும் சொல்லு. எறங்கிப் பாக்கட்டும். ஒவ்வொரு தடவையும் எறங்கிப் பாக்கட்டும்.”

சின்னவள் அப்படியே போய்ச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். அதன் பிறகு அவள் படம் எடுப்பதை நிறுத்திவிட்டாள். எடுக்கக் கூடாது என்றில்லை. பெயர் கண்ணில் பட்டால் பார்ப்பாள், போய்விடுவாள்.

அடுத்த கோடையில் குழாயில் தண்ணீர் நின்றுபோய், அவர்கள் தெருவுக்கும் லாரி வர ஆரம்பித்தது. வருவது அதே லாரிதானா என்று அம்மா கேட்டதில்லை, இவளும் சொன்னதில்லை. ஆனால் இன்ஜின் சத்தம் கேட்டதும் அம்மா கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நிற்பாள். வெளியே பார்க்க மாட்டாள், சுவரைப் பார்த்தபடி காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பாள். கதவு திறக்கும். செருப்புச் சத்தம் வண்டியின் ஓரமாகவே மெதுவாகப் பின்பக்கம் போகும். அங்கே கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இருக்காது. அந்த நேரத்தில் அம்மாவின் உதடு அசையும். என்ன சொல்கிறாள் என்று சின்னவளுக்குத் தெரியும். இப்போதும் அவளுக்கு “என்னம்மா” என்றுதான் வாயில் வரும். சொல்லாமல் நிற்கப் பழகிக்கொண்டிருக்கிறாள்.