சார்ஜன் ஆரோக்கியசாமி போட்ட வரிசை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மலாக்கா டவுனை ஒட்டிய காஜா பெராங்கில் என் பொறுப்பில் உள்ள வாடகை வீடு ஒன்றுக்குக் கூரைத் தகரம் மாற்றிக்கொண்டிருந்தோம். டாக்சி ஓட்டும் முனியாண்டி சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமலே என்னைக் கூப்பிட்டார். அவரும் ஒரு காலத்தில் பட்டாளத்தில் இருந்தவர். "சார்ஜன் தவறிட்டாருங்க. காலையில முகம் கழுவக் கிணத்தடிக்குப் போனவர் அப்படியே உட்கார்ந்துட்டாராம்" என்றார். கூரைமேல் இருந்த மூவரில் இருவர் வேலையை விட்டு இறங்கினார்கள். அந்த இருவருக்கும் வீடு பிடித்துக் கொடுத்தவர் சார்ஜன்தான்.

சார்ஜன் ஆரோக்கியசாமியை இதைப் படிப்பவர்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பட்டாளத்தில் பண்டகசாலையில் கணக்கெழுதும் கிராணியாக வேலை பார்த்து, சார்ஜனாக ஓய்வு பெற்றவர். அதன் பிறகு, முன்னாள் படைவீரர் சங்கத்தில் வீடு தேடிக் கொடுக்கும் பொறுப்பைச் சம்பளமில்லாமல் ஏற்றுக்கொண்டார். காஜா பெராங்கில் அவர் குடியிருந்த பலகை வீட்டின் முன்னறைதான் அலுவலகம். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் ஆணியடித்து மாட்டிய ஒரு தாள். வீடு கேட்டவர்களின் பெயர்கள் வரிசையாக அந்தத் தாளில் இருக்கும்.

வீடு ஏன் தேட வேண்டியிருந்தது என்றால், பட்டாளத்தில் இருக்கிறவரை குடும்பத்துக்கு முகாமில் குவார்ட்டர்ஸ் உண்டு. சேவை முடிந்தால் அதைக் காலி செய்துவிட வேண்டும். நம் ஆட்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத்திலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள். திரும்பிப் போனால் தோட்டத்து லய வீடுகளில் இடமில்லை. லயம் பால்மரம் வெட்டுகிறவர்களுக்குத்தான். டவுனில் வாடகைக்குக் கேட்டால், பட்டாளத்து ஆள் என்றதும் வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்துவார்கள். அப்படிச் சாத்தியவர்களில் நானும் ஒருவன்.

காரைக்குடிப் பக்கத்து முதலாளி ஒருவருக்கு இங்கே சில வீடுகள் உண்டு. அவற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த ஆண்டின் கடைசியில் சார்ஜன் என்னைத் தேடி வந்தார். இரண்டு வீடுகள் பூட்டிக் கிடப்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டேதான் வந்திருந்தார். பட்டாளத்து ஆட்கள் குடிப்பார்கள், சண்டை போடுவார்கள், பிறகு அக்கம்பக்கத்தார் என்னிடம் வந்து நிற்பார்கள் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "சிலர் குடிக்கிறாங்க, மெய்தான். அவங்களையும் எனக்குத் தெரியும். குடிக்காதவர் பேரைத்தான் கொண்டாந்திருக்கேன்" என்றார்.

முதலாளிக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை வந்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார். முதலாளியின் பதில் வந்தபோது, அதில் 'யோசித்துச் செய்' என்று மட்டும் இருந்தது. கொடு என்றும் இல்லை, கொடுக்காதே என்றும் இல்லை. அந்தக் கடிதத்தைக் காட்டியே நான் இன்னும் சில வாரங்களைக் கடத்தினேன். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவர் கொண்டுவந்த பெயர் லான்ஸ் கார்ப்பரல் காளியப்பனுடையது. கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் காட்டுக்குள் குண்டு பட்டு, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மனைவி, இரண்டு பிள்ளைகள், வயிற்றில் ஒன்று. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிய நாள் வந்தது. எங்கே இறக்குவது என்று பட்டாள லாரிக்காரர் கேட்டபோது காளியப்பனுக்குச் சொல்ல ஒரு விலாசம் இல்லை. சார்ஜன் தன் விலாசத்தைச் சொன்னார். கட்டில், பாத்திரம், பாய் எல்லாம் அவர் வாசலில் இறங்கின. சார்ஜனின் மனைவி ஞானம்மாள் வெளியே வந்து பார்த்து, "இது வீடா, ட்ரான்சிட் கேம்பா?" என்று கேட்டாராம். "ரெண்டும்தான்" என்றிருக்கிறார் இவர். ஞானம்மாள் உள்ளே போய் உலையில் இன்னும் ஒரு படி அரிசி போட்டார். அதன்பின் ஏழு வாரம் அந்தக் குடும்பம் முன்னறையிலேயே இருந்தது.

சர்க்கார் கட்டிய சிறு வீடுகளுக்கு மனுப் போட்டார்கள். அங்கே பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்டார்கள். காளியப்பனைக் கைக்குழந்தையாகக் கப்பலில் தூக்கி வந்தவர்கள் எங்கேயும் பதிந்து வைக்கவில்லை. இந்த நாட்டுக்காகத் துப்பாக்கி தூக்கியவருக்கு, இந்த நாட்டுக்காரர் என்று சொல்ல ஒரு தாள் இல்லை. என் மலாய்க் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்லி, பிரஜாவுரிமை மனுப் பாரம் நிரப்ப என்னையும் சார்ஜன் அழைத்துப் போனார். வீடு கொடுக்காதவன் இதையாவது செய்வோம் என்று போனேன்.

அலுவலக நடையில் காத்திருந்தபோது காளியப்பன் குனிந்து கால்சட்டையை மேலே சுருட்ட ஆரம்பித்தார். மரக்கால் தெரியட்டும் என்று நினைத்தார் போலும். சார்ஜன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்ப்பா. காலைக் காட்டினா பாவம்னு சொல்லி அனுப்பிருவாங்க. பேரைச் சொல்லு, பட்டாள நம்பரைச் சொல்லு. நீ பிச்சை கேக்க வரல."

காளியப்பன் கால்சட்டையை இறக்கிவிட்டு, இஸ்திரி மடிப்பு நேராக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார். உள்ளே மலாய் அதிகாரி நாலைந்து கேள்விகள் கேட்டார். காளியப்பன் முகாமில் பழகிய மலாயில், அட்டென்ஷனில் நின்றபடி பதில் சொன்னார். அதிகாரி சிரித்து, உட்காரச் சொல்லி, மனுவை வாங்கிக்கொண்டார். பத்திரம் கைக்கு வரச் சில மாதம் ஆகும் என்றார்.

அன்று மாலை நானே சாவியை எடுத்துக்கொண்டு சார்ஜன் வீட்டுக்குப் போனேன். முதலாளிக்கு எழுதியதே அதற்குப் பிறகுதான். சார்ஜன் எனக்கு நன்றி சொல்லவில்லை. சாவியைக் காளியப்பனிடம் கொடுத்துவிட்டு, "இன்னொண்ணும் பூட்டித்தானே கிடக்கு?" என்று என்னைக் கேட்டார். காளியப்பன் குடிபோன அன்று, பக்கத்து வீட்டில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் மலாக்காச் செட்டி அம்மாள் ஒரு தட்டு நிறையப் பலகாரத்தோடு வந்தார். நெற்றியில் திருநீறு, பேச்சு முழுக்க மலாய். காளியப்பன் மனைவிக்கு எத்தனையாவது மாதம் என்று விரலைக் காட்டிக் கேட்டுத் தெரிந்துகொண்டு போனார். சண்டை வரும் என்று நான் பயந்த அக்கம்பக்கம் அதுதான்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் நான் சார்ஜன் வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். கிளேபாங், பத்து பெரெண்டாம் என்று ஊர் ஊராகச் சைக்கிளில் சேர்ந்து சுற்றினோம். எந்த வீட்டைப் பார்த்தாலும் ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பார். வீட்டுக்காரர்களுக்கு எரிச்சலாக இருக்கும். "மழை வந்து காட்டறதுக்கு முன்னாடி நாமே பாத்துக்கலாமே" என்பார். அவர் வரிசையில் மலாய்க்காரர் பெயரும் சீனர் பெயரும் உண்டு. பட்டாளத்தை விட்ட தேதிதான் கணக்கு. முன்னால் விட்டவருக்கு முன்னால் வீடு.

அந்த வரிசையால் ஒரு தவறும் நடந்தது. அதை மறைத்து அவரைப் புகழ்ந்தால் அவருக்கே பிடிக்காது.

லெட்சுமி என்று ஒரு பெண். கணவர் பட்டாள லாரி கவிழ்ந்து இறந்துபோனவர். இரண்டு பெண்குழந்தைகளோடு தோட்டத்து லயத்தில் அக்காள் வீட்டில் ஒண்டியிருந்தார். அங்கேயும் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கிளேபாங்கில் ஒரு வீடு கிடைத்தபோது இவருக்குக் கொடுக்கலாம் என்று நான் சொன்னேன். வரிசையில் முதலில் இருந்தவர் அண்ணன் வீட்டில் வசதியாக இருந்த ஓர் ஆள். லெட்சுமியின் பெயர் கடைசியில் இருந்தது. செத்துப்போனவருக்குப் பட்டாளத்தை விட்ட தேதி ஏது? அதனால் லெட்சுமி வந்து கேட்ட நாளையே சார்ஜன் தேதியாகப் போட்டிருந்தார்.

"ஒருத்தருக்காக இன்னிக்கு மாத்தினா, நாளைக்கு யாரும் இந்தத் தாளை நம்ப மாட்டாங்க" என்றார் சார்ஜன். லெட்சுமி வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சின்னவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, காளியப்பனின் மனைவி வந்து சொன்னார். லெட்சுமி பிள்ளைகளோடு நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறிவிட்டாராம், கணவர் வீட்டார் யாராவது சேர்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில். லெட்சுமி ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். இந்தியாவை அவர் பார்த்ததே இல்லை.

"எந்தக் கப்பல்? எப்போ?" என்று சார்ஜன் எழுந்தார். முந்தைய வாரமே போய்விட்டது என்றதும் உட்கார்ந்துவிட்டார். சுவரில் இருந்த தாளைப் பார்த்தபடி என்னிடம், "வரிசையைப் போட்டவன் நான்தானே. ஆண்டவர் போட்டதில்லையே" என்றார். லெட்சுமியின் அக்காளிடம் விலாசம் வாங்கி இரண்டு கடிதம் எழுதினார். பதில் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை சுவரில் வேறு தாள் இருந்தது. கணவரை இழந்த பெண்கள் மேலே. அடுத்து, கைக்குழந்தையோடு தெருவுக்கு வரப்போகிறவர்கள். தங்க இடம் உள்ளவர்கள் எந்தத் தேதியில் பட்டாளத்தை விட்டிருந்தாலும் கீழே. பலர் சண்டைக்கு வந்தார்கள். கீழே இறங்கிப்போன ஒரு கார்ப்பரல், மேசையில் குத்தி, இது அநியாயம் என்று கத்தினார். சார்ஜன் முழுவதையும் கேட்டுவிட்டு, "உனக்கு அநியாயம்தான்ப்பா. பொறுத்துக்க" என்றார். அந்தக் கார்ப்பரலுக்கு வீடு கிடைக்க இன்னும் ஒரு வருடம் ஆனது. இப்போது சார்ஜனின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். மாதா கோயிலுக்கு வெளியே, சொங்கோக் தொப்பி அணிந்த பழைய மலாய்ச் சிப்பாய்கள் பூசை முடியும்வரை வெயிலில் வரிசையாக நின்றிருந்தார்கள்.

அடக்கம் முடிந்தபின் ஞானம்மாள் என்னிடம் சுவரில் இருந்த அந்தத் தாளை எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம், அது சங்கத்தில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்வியைத்தான். வீடு கேட்டு வருகிறவரிடம் என்ன வேலை, எந்த ஊர், யார் மகன் என்று விசாரிப்பது என் பழைய வழக்கம். சார்ஜன் இதையெல்லாம் பிறகுதான் கேட்பார். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, "எப்போ காலி பண்ணணும்?" என்பதைத்தான் முதலில் கேட்பார்.

போன வாரம், பட்டாளத்தை விட்டு வரும் ஒருவர் மனைவியோடு என்னைத் தேடி வந்தார். உட்காரச் சொல்லி, அந்தக் கேள்வியைக் கேட்டேன். வெள்ளிக்கிழமை என்றார். வியாழக்கிழமையே வந்துவிடுங்கள் என்றேன்.